மூன்று மில்லிமீட்டர்

ககேயாமா வந்தபோது அவருக்கு ஒன்றுமில்லை.
இதை முதலில் சொல்லிவிட வேண்டும்.
தலைவலி இல்லை, மயக்கம் இல்லை,
அன்று காலைகூட கடலோரச் சாலையில்
பள்ளிப் பிள்ளைகளை ஏற்றி இறக்கிவிட்டு வந்தவர்.
அறுபது வயதானால் பேருந்து நிறுவனம் ஒரு பரிசு தரும்:
கைக்கடிகாரம், அல்லது
தலைக்கு ஓர் எம்ஆர்ஐ.
கடிகாரம் ஏற்கெனவே இருக்கிறதே என்றார்.

பெல்ட்டைக் கழற்றினார். சில்லறையைக் கொட்டினார்.
பல்லில் உலோகம் உண்டா என்று கேட்டால்
வாயைத் திறந்தே காட்டினார்.
தகரக் கொட்டகைமேல் ஆலங்கட்டி மழை பெய்வதுபோல்
இருபது நிமிடம் இயந்திரம் இரைந்தது.
உள்ளே அவர் தூங்கிவிட்டார்.
குறட்டையில் தலை ஆடி, கடைசி வரிசைப் படங்கள் கலங்கின.
வேலையில் நான் கறார்.
மறுபடி எடுத்தேன்.

அந்தக் கலங்கலையே அனுப்பியிருக்கலாம்.

இரண்டாவது முறையில்
ரத்தக்குழாய் இரண்டாகப் பிரியும் கவட்டையில்
ஒரு சின்னப் புடைப்பு.
மூன்று மில்லிமீட்டர்.
எள்ளளவும் பயமில்லை என்கிறோமே,
அந்த எள்ளைத் திரையில் பார்த்தேன்.

டாக்டர் உசாமி பொறுமையாகத்தான் சொன்னார்:
பெரும்பாலும் இது இப்படியே இருக்கும்,
நீங்கள் வேறு எதற்காகவோ ஒருநாள் சாவீர்கள்,
அறுத்து எடுக்கப் போனால் அதில் வேறு ஆபத்து,
ஆண்டுக்கொரு முறை வாருங்கள், பார்த்துக்கொள்வோம்.
நூற்றுக்கு எத்தனை என்று ஓர் எண்ணும் சொன்னார்.
சின்ன எண்.
ககேயாமாவின் காதில் எண் விழவில்லை.
'வெடித்தால்' என்ற சொல் மட்டும் விழுந்தது.

நிறுவனம் பேருந்துச் சாவியை வாங்கிக்கொண்டு
தொலைந்த குடைகளுக்குக் கணக்கெழுத உட்காரவைத்தது.
மிசாசாவின் வெந்நீர் ஊற்றுக்குப் போவதை விட்டார்.
கழிப்பறையில் முக்குவதில்லை.
தும்மல் வந்தால் எதையாவது இறுகப் பிடித்துக்கொண்டு
அது கடந்துபோகக் காத்திருக்கிறார்.
மனைவி தொமொயோ என்னிடம் தனியாகச் சொன்னாள்:
முப்பது வருடம் இந்தக் குறட்டையால் தூக்கம் கெட்டது,
இப்போது குறட்டை நின்றால் திடுக்கிட்டு எழுகிறேன்.

இங்கேயே முடித்துவிட்டால் எனக்கு வசதி.
ஆனால் நகாட்சு ஃபுமியே இருக்கிறாள்.
அதே இயந்திரம், அதே ஒன்றுமில்லை.
ஒன்பது மில்லிமீட்டர்.
மண்டையைத் திறந்து கிளிப் போட்டார்கள்.
செப்டம்பர்தோறும் அவள் தோட்டத்துப் பேரிக்காய்
ஒரு பெட்டி நிறைய வருகிறது,
ஒவ்வொன்றும் காகிதம் சுற்றி.
நாங்கள் மதிய உணவுக்குப் பின் நறுக்கித் தின்கிறோம்.
இனிப்பாகத்தான் இருக்கிறது.
இல்லையென்று நான் சொல்லக் கூடாது.

வரவேற்பறைச் சுவரில் அவள் சிரிக்கும் படம் உண்டு.
தும்மலை அடக்குகிற மனிதரை
யார் படமெடுத்து மாட்டுவார்கள்?
அவர்கள் பெட்டி அனுப்புவதில்லை.
அவர்களே வருகிறார்கள்,
ஆண்டுக்கு ஒருமுறை, ஏப்ரலில், குளித்துவிட்டு.

ஊழியர்களுக்கு ஒரு பரிசோதனை இலவசம்.
என் சீட்டு இழுப்பறையில்
ஸ்டேப்ளர் முள்பெட்டிக்குக் கீழே கிடக்கிறது.
மூன்று முறை காலாவதியாகி, மூன்று முறை புதுப்பித்தாயிற்று.
கிழித்துப் போடவும் கை வரவில்லை.

இது ககேயாமாவின் ஐந்தாம் ஆண்டு.
அதே மூன்று. வளரவில்லை.
சொன்னதும் இடுப்பு வளைய வணங்குகிறார்,
நான் எதையோ காப்பாற்றிக் கொடுத்ததுபோல.
"முதல் தடவை உள்ளே தூங்கிவிட்டேனாமே,
நிஜமாகவா?" என்று கேட்டார்.
நிஜம்தான் என்றேன்.
அவருக்கு நம்பிக்கையில்லை.

இப்போதெல்லாம் குழாய்க்குள்
கண்ணைத் திறந்தபடி, மூச்சைக்கூட அளந்து விட்டபடி
அசையாமல் கிடக்கிறார்.
படங்கள் மிகத் தெளிவாக வருகின்றன.