மூன்று சுற்று

திருவாரூர், இரவு இரண்டே கால்.
ஏழாம் படுக்கை உத்திராபதி
மறுபடியும் முகமூடியைப் பிடுங்கி எறிந்தார்.
வெட்டாற்றுக் கதவணையில் லஸ்கர் வேலை,
முப்பது வருஷம். பீடியும் அத்தனை வருஷம்.
கை இன்னும் இரும்பு. நெஞ்சுதான் சல்லடை.

குழி விழுந்த கன்னத்தோரம் காற்று கசிந்தது.
பல்செட் இருக்கா என்றேன்.
மஞ்சப்பையில், துணிகளுக்கு அடியில் துழாவி
எடுத்துக் கொடுத்தார் தையல்நாயகி.
மாட்டியதும் கன்னம் நிரம்பியது. கசிவு நின்றது.
சண்டை நிற்கவில்லை.

"ஒரு மணி நேரம் பார்ப்போம்.
அடங்கலைன்னா குழாய்தான்"
என்று அடுத்த கட்டிலுக்குப் போனார்
டாக்டர் நிலோஃபர்.

வலது கையை உயர்த்தி
காற்றில் எதையோ சுற்றினார் அவர்.
மூன்று சுற்று. நிறுத்தம்.
மறுபடி மூன்று.
கரியமிலம் ஏறிய பிதற்றல் என்று
கையைக் கட்டப் போனேன்.

"கட்டாதீங்க சிஸ்டர்.
ஷட்டரை இறக்கச் சொல்றாரு.
ஒரேயடியா தள்ளுதாம்."

டாக்டரைக் கூப்பிட்டேன்.
பதினாறு பத்தானது.
கால் மணிக்கு ஒருமுறை
அவர் விரல் எதிர்ப்பக்கம் சுற்றும்: ஏத்து.
பன்னிரண்டு.
பதினான்கு.

நாலு மணிக்குக் கரண்ட் போனது.
பேட்டரி கூவிக்கொண்டிருந்த அந்த நேரம்
நான்தான் மூச்சைப் பிடித்திருந்தேன்.
அவர் விட்டுக்கொண்டிருந்தார்.

விடிந்தபின் ரத்தச் சீட்டில் எண் இறங்கியிருந்தது.
முகமூடியைக் கழற்றி இரண்டு மடக்குக் கஞ்சி.
மூக்குத்தண்டில் சிவந்த தடம்.
முதல் பேச்சு மனைவியிடம்:
"பல்ல ஏன்டி துணிக்கடியில வெச்ச?"