இந்த இடத்தில் சிரிக்கவும்

மண்டபத்தில் விடிவதற்குள் வேன் ஏறினோம், பதின்மூன்று பேர்.
வழிகாட்டி வாயைத் திறந்தார்.
காற்றுதான் வந்தது.
விடுமுறை வாரம், நாளுக்கு இரண்டு வேன்,
நேற்றிரவோடு தொண்டை தீர்ந்துவிட்டதாம்.
மிளகைக் கன்னத்தில் அதக்கியபடி
சட்டையில் குத்தியிருந்த பெயரட்டையைத் தட்டிக் காட்டினார்:
நம்புராஜன்.
பிறகு நாற்பது பக்க நோட்டு ஒன்றை,
முன்சீட்டில் உட்கார்ந்த பாவத்துக்கு,
என் மடியில் வைத்தார்.

நான் நாமக்கல்லில் முட்டைக் கிடங்கில் கணக்கெழுதுபவள்.
கடலை முதன்முதலில் பார்த்ததே
நேற்று சாயங்காலம்தான்.
அதனாலென்ன, உரக்க வாசித்தேன்:

"வணக்கம். என் பேரிலேயே நம்பு இருக்கிறது,
சொல்வதையெல்லாம் நம்பலாம்.
(இந்த இடத்தில் சிரிக்கவும்.)"

அடைப்புக்குறிக்குள் இருந்ததையும் சேர்த்தே வாசித்துவிட்டேன்.
அதற்குத்தான் சிரித்தார்கள்.

பாம்பன் பாலத்து மேட்டில் வேன் நின்றது.
இடது பக்கத்துக் கடல் சாது,
வலது பக்கத்துக் கடல் கோபக்காரி
என்றது நோட்டு.
எனக்கு இரண்டும் தூங்கி எழுந்த முகமாகத்தான் தெரிந்தன.
மின்வாரியத்தில் ஓய்வு பெற்ற தணிகாசலம்
பாலத்தின் நீளம் தப்பு என்றார்.
அடுத்த வரியைப் பார்த்தேன்:
"நீளம் தப்பென்று ஒருவர் சொல்வார். ஒத்துக்கொள்ளவும்."
ஒத்துக்கொண்டேன்.
அதற்குள் போலீஸ்காரரின் விசில்.

கோயிலில் நோட்டைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி
இடுப்பில் செருகிக்கொண்டேன்.
இருபத்திரண்டு கிணறு, இருபத்திரண்டு வாளி.
ஒவ்வொன்றுக்கும் ஒரு ருசி என்று எழுதியிருந்தது.
ஒன்பதாவதுக்கு மேல்
என் நாக்கு எண்ணிக்கையை விட்டுவிட்டது.
புதுசாய்க் கல்யாணமான இருவர்
ஒரே வாளித் தண்ணீருக்குத் தலை நீட்டி முட்டிக்கொண்டார்கள்.
ஈரத்தோடு வெளியே வந்தால் மிதக்கும் கல்.
"ஏன் மிதக்கிறது என்று பிள்ளைகள் கேட்டால்
டீக்கடையைக் காட்டவும்."
கேட்டான் ஒருவன். காட்டினேன்.

சங்குக் கடைப் பக்கத்தில் மட்டும் நான் வாயைத் திறக்கவில்லை.
"இங்கே நாற்பது நிமிடம்" என்பதற்குக் கீழே
பொடி எழுத்தில் ஒரு சதவீதம்.
நிமிர்ந்தேன்.
அவர் சட்டென்று செருப்பில் மணல் தட்டினார்.
கணக்கெழுதுகிறவளுக்குத் தெரியாதா
எந்த வரியை வாய்விட்டு வாசிக்கக் கூடாதென்று.

மத்தியானம் வறுத்த நகரை மீன்.
அந்த நேரம் நோட்டை வாங்கி
எண்ணெய்க் கையோடு என்னமோ எழுதினார்.

தனுஷ்கோடிப் பக்கம்
மற்ற பக்கங்கள் மாதிரி இல்லை.
மேலே 22-12-64.
கீழே ஒரு வரி:
"வாசிக்க வேண்டாம். இறங்கி நிற்கட்டும்."
இறங்கி நின்றோம்.
கூரையில்லாத தேவாலயம்.
அதன் நிழலில் பாசிமணி விற்ற பெண்
எங்களைப் பார்த்துவிட்டு
என்னவோ நினைத்து, கூவாமல் இருந்துவிட்டாள்.
தணிகாசலம் சுவரின் உயரம் சொல்லவில்லை.
காற்று மட்டும் வேனின் திறந்த கதவை
அடிப்பதும் விடுவதுமாக இருந்தது.
நம்புராஜன் இறங்கவேயில்லை.
எங்களுக்கு முதுகைக் காட்டி
முன் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்,
துடைத்த இடத்தையே.

அரிச்சல்முனையில் பதின்மூன்று போன்களும்
ஒவ்வொன்றாய்ச் சிணுங்கின:
இலங்கைக்கு வரவேற்கிறோம்.
பாஸ்போர்ட் இல்லாமல் வந்துவிட்டதற்கு
ஒரு நிமிஷம் எல்லோருக்கும் குற்றவாளி முகம்.
மணி மட்டும் மாறவில்லை.
அங்கேயும் நாலு இருபது.

இறங்கும்போது என் கையில்தான் பணத்தைத் திணித்தார்கள்.
நானூற்று அறுபது ரூபாய்.
அன்றைய விலைக்கு எண்பது முட்டை.
நீட்டினேன். தலையாட்டினார்.
நோட்டுக்குள் வைத்து நீட்டினேன்.
பாதியை எடுத்து என் பக்கம் தள்ளினார்.

கொடுப்பதற்கு முன் முதல் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன்.
அடைப்புக்குறிக்குப் பக்கத்தில்
எண்ணெய்க் கறையோடு புது மை:
"இதையும் வாசிக்கவும்."