சி-306, மறுவிற்பனை

முப்பத்தொரு வருஷம் வங்கியில் வீட்டுக்கடன் மேசை.
ஊரார் வீட்டுக்கெல்லாம் விலை சரிதானா என்று
குறிப்பெழுதியே ஓய்வு பெற்றவள்.
இப்போது எனக்கும் நாத்தனார் கனகவல்லிக்கும்
தையூர் தாண்டி, மூத்தோர் குடியிருப்பில்
மூன்றாவது மாடி.

டொராண்டோவிலிருந்து மகன் பேசினார்:
"அப்பா அறுபத்திரண்டுக்கு வாங்கினார் ஆன்ட்டி.
அதே போதும். லாபம் வேண்டாம்."
லாபம் வேண்டாம் என்பவரிடம்தான்
அளவு நாடாவை இழுத்துப் பிடிக்க வேண்டும்.

பத்திரத்தில் எழுநூற்று எண்பது சதுர அடி.
நாடாவில் ஐந்நூற்றுப் பன்னிரண்டு.
மீதி இருநூற்று அறுபத்தெட்டும்
லிஃப்டில், படிக்கட்டில்,
யோகா என்று பலகை தொங்கும் பூட்டிய அறையில்,
ஸ்ட்ரெச்சர் திரும்ப அகலம் விட்ட மூலையில்.
அந்த மூலையை மட்டும் நான் கழிக்கவில்லை.

பிரிபடாத நிலப் பங்கு முந்நூற்றுச் சொச்சம்.
"நம்ம பங்கு எங்கே இருக்கு அண்ணி?"
காட்ட முடியாது, ஆனா இருக்கு என்றேன்.
"எங்கப்பா வீட்டுல எனக்கு இருந்த மாதிரியா?"
சிரித்துக்கொண்டேதான் கேட்டாள்.
அந்த வீடு என் கணவர் பேரில் இருந்தது.
நான் பால்கனியின் நீளத்தை இரண்டாம் முறை அளந்தேன்.

டைனிங் ஹாலில் விசாரித்தால்
விற்க நினைப்பவர்கள் கூட்டிச் சொல்கிறார்கள்,
அதிகம் கொடுத்தவர்கள் குறைத்துச் சொல்கிறார்கள்.
ரசம் மட்டும் எல்லோருக்கும் ஒரே அளவு.
இங்கே வீடு விற்பனைக்கு வர
இரண்டே காரணம்.
இரண்டாவது, பிள்ளைகளோடு போய்விடுவது.

பதினான்கு மாதமாகப் பூட்டிய வீடு.
யாரும் சாப்பிடாத சாப்பாட்டுக்கும் சேர்த்து
பராமரிப்புக் கட்டணம் டொராண்டோவிலிருந்து வருகிறது.
இதையும் குறித்துக்கொண்டேன்,
கொஞ்சம் வெட்கத்தோடு.

சமையலறை அலமாரிக் கதவைத் திறந்தது கனகா.
உட்பக்கம் பென்சிலில், பொடிப் பொடியாக:

ஏ-204 – 61
பி-110 – 57
ஏ-307 – 52, ஏசி சேர்த்து
பி-302 – 49, மகளுக்கு அவசரம்
சி-105 – 46½, பேரம் பேசத் தெரியாதவர்

அதற்கும் கீழே, கை கொஞ்சம் நடுங்கி:

சி-306 – 45.
குளியலறைக் கம்பிகளுக்கு 1 சேர்க்கலாம்.
மேலே கேட்டால்
அவனுக்குக் கணக்கு வரவில்லை என்று அர்த்தம்.

முப்பத்தொரு வருஷத்தில்
இவ்வளவு நேர்மையான மதிப்பீட்டறிக்கை
என் மேசைக்கு வந்ததில்லை.
வழிகாட்டி மதிப்பு, சுற்றுவட்டார விலை, தேய்மானம்
எல்லாம் இருந்தது.
கையொப்பம் மட்டும் இல்லை.

படம் எடுத்து அனுப்பினோம்.
விலை எதுவும் எழுதவில்லை.
டொராண்டோவில் அப்போது விடிகாலை நாலு மணி இருக்கும்.
இரண்டு நீலக் கோடுகள்.
அப்புறம் ரொம்ப நேரம் ஒன்றுமில்லை.

மறுநாள் கூப்பிட்டார்.
"நாற்பத்தாறுக்கே முடிச்சுக்கலாம் ஆன்ட்டி."
இருமினார்.
"அந்தக் கதவை மட்டும் கழற்றி
எனக்கு அனுப்ப முடியுமா?"

வீங்கிப்போன பிளைவுட்.
கீல் ஒன்று துரு.
பழைய சாமான் கடையில் நூறு ரூபாய் தரமாட்டான்.
அந்தக் கதவுக்காக அவரிடம்
இன்னும் இரண்டு லட்சம் குறைத்திருக்கலாம்;
குரலிலேயே தெரிந்தது.
எனக்குத் தெரிந்தது அவருக்கும் தெரிந்திருக்கும்.
கூரியர் செலவு என்னுடையது என்றேன்.

திருப்போரூர் பதிவு அலுவலகத்தில்
வாங்குபவர் பெயர் என்ன வரிசை என்று கேட்டபோது
கனகவல்லி முதலில், என்றேன்.
அவள் என்னைப் பார்க்காமல்
கைப்பையில் எதையோ தேடினாள்.

தச்சர் சகாயம் வந்து புதுக் கதவு போட்டார்,
வெள்ளை லேமினேட், ஆயிரத்து எண்ணூறு.
பென்சில் கிடைக்கவில்லை.
அறுபத்தேழு வயதிலும் புருவம் தீட்டுகிறவள்
ஐப்ரோ பென்சிலைத் திறந்து
உட்பக்கம், கண்மட்டத்தில் எழுதினாள்:

சி-306 – 46.
கதவு தனி.