கைமாற்று

டுலூத்தில் ஜனவரி.
ஏரி கண்ணுக்கெட்டிய மட்டும் உறைந்து கிடந்தது.
மருத்துவமனைச் சலவைக்கூடத்தில்
என் வேலை ஐந்து மணிக்கு.
தேவாலய நிலவறையில் இருக்கும் குழந்தைக் காப்பகம்
ஆறரைக்குத்தான் திறக்கும்.
நடுவே கிடந்த ஒன்றரை மணி நேரத்தை எழுத
எந்தப் படிவத்திலும் கட்டமில்லை.

மருத்துவமனைக்கே ஒரு காப்பகம் உண்டு,
நாலரைக்கே விளக்கெரியும்.
அதன் பட்டியலில் என் எண் நாற்பத்தொன்று.
ஆன்சலுக்கு அப்போது பதினோரு மாதம்.

இருபத்தாறு வீடுகளுக்குத் தொலைபேசினேன்.
விடியுமுன் என்றால் இரட்டைக் கூலி என்றாள் ஒருத்தி.
ஒருத்தி பேசப் பேசப்
பின்னால் யாரோ அழுதுகொண்டேயிருந்தது,
அவள் திரும்பவேயில்லை.
தேனாகப் பேசிய ஒருத்தியின் உரிமம்
போன வசந்தத்திலேயே ரத்தாகியிருந்தது.

மேல்மாடி லாய்ட் ஆஸ்ட்பிக்கு
ரொட்டி ஆலையில் இரவு வேலை.
நான்கு நாற்பதுக்கு அவர் படியேறுவார்,
அதே படியில் நான் இறங்குவேன்.
எட்டு மாதமாகத் தலையசைப்பு, அவ்வளவுதான்.
ஒருநாள் கேட்டுவிட்டேன்.
கேட்டது நானா என் களைப்பா தெரியாது.
அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்:
காசு வேண்டாம்,
புதன்கிழமை என் மகள் மூன்றேகாலுக்குப் பள்ளிவிட்டு வருவாள்,
அப்போது நான் தூக்கத்தில் இருப்பேன்.

கைமாற்று.
வட்டியில்லை, பத்திரமில்லை, சாட்சியுமில்லை.

தூங்கும் பிள்ளையைப் போர்வையோடு நீட்டுவேன்,
ஈஸ்ட் மணக்கும் கைகள் வாங்கிக்கொள்ளும்.
அவனைக் காப்பகத்தில் விட்டுவிட்டுத்தான்
அவர் படுக்கப் போவார்.
தலையில் என்ன இது வெள்ளையாய் என்று
காப்பகப் பெண் ஒருமுறை கேட்டாள்.
மாவு.

பிரிட்டாவுக்கு ஒன்பது வயது.
பகலெல்லாம் அப்பா தூங்கும் வீட்டில் வளர்ந்தவள்,
என் சமையலறையிலும் கிசுகிசுத்தாள்.
இங்கே யாரும் தூங்கவில்லை, சத்தமாகப் பேசு என்றேன்.
அதற்குப் பல புதன்கிழமைகள் ஆயின.

அந்தப் பிப்ரவரியில் ஒரு விடியல்.
நான்கு நாற்பது.
படியில் ஓசையில்லை.
நாற்பத்தேழு.
கோட்டுக்குள் வியர்த்தபடி பிள்ளை என் தோளில்.
ஐம்பத்திரண்டு.
சன்னலில் பேருந்தின் வெளிச்சம் வந்து நின்றது,
யாரும் ஏறவில்லை,
போய்விட்டது.
என் கோப்பில் இன்னொரு புள்ளி விழுந்தது.
எட்டு சேர்ந்தால் வேலை போகும்,
எனக்கு அது ஆறாவது.

ஐந்தரைக்கு வந்தார், தாடியெல்லாம் பனி.
சாலை மூடிக்கிடக்க இரண்டு மைல் நடந்திருக்கிறார்.
கோட்டுக்குள்ளிருந்து ஒரு ரொட்டியை எடுத்தார், ஆறிப்போகாத ரொட்டி.
நான் வாங்கவில்லை.
காசு கொடுத்திருந்தால் வாய்விட்டுத் திட்டியிருப்பேன்.
கைமாற்றில் அதற்கும் வழியில்லை,
நன்றியும் கோபமும்
ஒரே தொண்டையில் நின்றுகொண்டிருந்தன.

மறுநாள் நான்கு நாற்பதுக்குப் படியில் காலடி.
இருவரும் ஒன்றும் பேசவில்லை.
பிள்ளையை நீட்டினேன்.
வேறு யாரிடம் நீட்டுவது?

இந்த மார்ச்சில், ஒரு மத்தியானம்,
தொலைபேசி ஒலித்தது.
வாழ்த்துகள், உங்கள் மகனுக்கு இடம் இருக்கிறது
என்றது ஓர் இளம் குரல்.
என் மகன் அப்போது
இரண்டாம் வகுப்பில் பெருக்கல் வாய்ப்பாட்டைத்
தப்புத்தப்பாய்ச் சொல்லிக்கொண்டிருந்திருப்பான்.
சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன்.
நாற்பத்திரண்டு யார் என்று கேட்டேன்.
சொல்ல அனுமதியில்லையாம்.
சரி, சொல்ல வேண்டாம்,
அவளை இன்றைக்கே கூப்பிடுங்கள் என்றேன்.
நாளைக்கு என்று வைக்காதீர்கள்.
நாளைக்கும் ஒரு நான்கு நாற்பது வரும்.