மூக்குத்தகடு

எட்டரை என்று அழைப்பில் போட்டிருந்தார்கள்.
ஒலிபெருக்கிக்குக் குரல் வந்தபோது ஒன்பதே கால்.
அதற்குள் மாத்தேக் குடுவை மூன்று சுற்று வந்துவிட்டது.
யார் வாய் வைத்த உறிஞ்சுகுழல் என்று
இங்கே யாரும் கேட்பதில்லை.

பதினேழு பிக்அப் வண்டிகள், ஒரு பள்ளிக்கூடப் பேருந்து,
குதிரையில் வந்தது எல்பியோ மட்டும்.
வடக்கு உருகுவேயின் இந்தக் கல்பூமியில்
ஒரு சாண் தோண்டினால் பாறை.
பாறைமேல் மண், மண்மேல் புல்,
புல்லை நம்பி மாடு,
மாட்டை நம்பிக் கடன்.

பெயர் எழுதும் மேசையில்
"எத்தனை தாய்ப்பசு?" என்றாள் கல்லூரிப் பெண்.
நாற்பத்தொன்று என்றேன்.
நாற்பதுதான்.
ஒன்று போன வாரம் ஓடைச் சேற்றில் விழுந்து
எழுந்திருக்கவில்லை.
படிவத்தில் அதற்குக் கட்டமில்லை.

மருத்துவர் நீபியாவின் கையில் மஞ்சள் பிளாஸ்டிக்,
உள்ளங்கை அகலம்.
கன்றின் மூக்கில் மாட்டும் தகடு.
மேயலாம். தண்ணீர் குடிக்கலாம்.
தாயை ஒட்டிப் படுக்கலாம்.
மடிக்கு முகத்தைக் கொண்டுபோனால் மட்டும்
வாய்க்கு முன்னால் தகடு போய் நிற்கும்.
பதினோரு நாள்.
கேட்கிற வாய் கேட்காமல் இருந்தால்
பசுவின் உடம்பு
அடுத்த கன்றை நினைக்கத் தொடங்கும் என்றார்.
பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.
ஆறு பிள்ளை பெற்ற இல்டா சிரிக்கவில்லை.

பிறகு கொட்டகை.
மரச்சட்டத்துக்குள் முந்நூற்றுப் பதினேழு,
செவலை உடம்பு, வெள்ளை முகம்.
வெளியே அதன் கன்று
கம்பிக்கு இந்தப் பக்கம் கத்திக்கொண்டே இருந்தது.
ஒன்று முதல் எட்டு வரை மதிப்பெண் போடுங்கள்,
கண்ணை மட்டும் நம்பாதீர்கள், கையை வையுங்கள்.
வைத்தோம்.
விலா எலும்புகளை விரல் எண்ணியது.
பள்ளிப் பையன்கள் ஐந்து என்றார்கள்.
நிலத்துக்காரர் தார்தோ நாலரை என்றார்,
தன் வீட்டு மதிப்பெண்ணைத் தானே வாசிப்பவர் போல.
நான் மூன்று என்று நினைத்து
நான்கு என்றேன்.
மதிய இறைச்சி அவர் போடுவது.

நீபியா தோள்வரை கையுறை இழுத்து
கருவியை உள்ளே செலுத்தி
திரையைப் பார்த்தார்.
கொட்டகை அமைதியானது. கன்று ஆகவில்லை.
காளை சேர்த்து ஒன்றரை மாதம்.
"காலி" என்றார்.
"சூலகம் அசந்து தூங்குகிறது.
இதற்குத் தகடு போதாது."

தார்தோ தொப்பியைக் கழற்றி
உட்புறத்தைப் பார்த்தார்,
அங்கே ஏதோ எழுதியிருப்பது போல.

"மழை வரும் போலிருக்கிறதே" என்றான் எல்பியோ.
ஜனவரி நண்பகல்.
அறுபது பேரும் தலையை நிமிர்த்தி
ஒரு துணுக்கு மேகமில்லாத வானத்தைப்
பொறுமையாகப் பார்த்தோம்.
வேண்டிய நேரம் பார்த்தோம்.

பிறகு அவரே ஒலிபெருக்கியை வாங்கினார்.
"மூன்று. எழுதிக்கொள்ளுங்கள்.
நாலரை என்பது
நான் ஆசைப்பட்டது."

யூகலிப்டஸ் நிழலில் விலாக்கறி.
காலிப் பசுக்கள் கடைசியில் எங்கே போகும் என்று
கத்தியோடு உட்கார்ந்த எவருக்கும்
வகுப்பெடுக்கத் தேவையில்லை.
உப்பு கொஞ்சம் கூடுதல் என்றார் ஒருவர்.
அதைப் பற்றி நிறையப் பேசினோம்.

திரும்பும்போது பையில்
ஒரு பேனா, ஒரு தொப்பி, மாதிரிக்கு ஒரு தகடு.
பாலம் தாண்டி வண்டியை நிறுத்தி
கண்ணாடியில் பார்த்து
என் மூக்கில் வைத்துப் பார்த்தேன்.
யாரும் இல்லை.
தண்ணீர்ப் புட்டியைத் தூக்கினேன். குடிக்க முடிந்தது.

மறுநாள் விடியலில்
ஓடைப் பக்கத்துக் கன்றுக்கு மாட்டினேன்.
உதறியது. ஓடியது. மடிக்குப் போய் முட்டியது.
பசு திரும்பி
புரியாத மஞ்சளை முகர்ந்து
மெதுவாக நக்கத் தொடங்கியது.
நக்கிக்கொண்டே இருந்தது.
தகட்டில் உப்பிருந்திருக்கும்,
இரவெல்லாம் அது
என் கையில் இருந்ததால்.