எதிர்பார்ப்புக்குக் கீழே

விண்ட்சரில் மார்ச்.
ஆற்றின் அக்கரையில் டெட்ராய்ட்
இன்னும் விளக்கை அணைக்கவில்லை.
இக்கரையில் என் மேசைமேல் ஐந்து பெயர்கள்:
இரவு ஷிப்ட், நாலாம் லைன்.

ஸ்டுட்கார்ட் அனுப்பிய எக்செல் தாளில்
எந்தக் குழுவானாலும் ஒருவர்
'எதிர்பார்ப்புக்குக் கீழே' இருந்தாக வேண்டும்.
இல்லாவிட்டால் அந்தக் கட்டம் சிவந்தே நிற்கும்,
சேமிக்க விடாது.

ஐந்து விரலும் ஒன்றல்ல என்று சொல்லித்தான்
எங்கள் வீட்டில் ஒருவரை ஒருவர் மன்னிப்போம்.
இங்கே அதே வாக்கியம்
சுண்டுவிரலைத் தேடச் சொல்கிறது.

சர்கோனைப் போட்டேன்.
காரணம் எழுதுவது சுலபம்:
இணையவழிப் பயிற்சி பதினொன்றில்
ஏழு முடிக்கவில்லை.
சுயமதிப்பீட்டில் ஒரே வரி, அதுவும் எழுத்துப்பிழையோடு:
"மெஷின் நல்லா இருக்கு. நானும்."

பதினான்கு வருஷம்.
பிரஸ் ஒன்று நோவோடு ஓடினால்
பக்கத்தில் நின்றே சொல்லிவிடுவார்
எந்த பேரிங், இன்னும் எத்தனை மணி தாங்குமென்று.
காதுக்குப் படிவத்தில் கட்டம் இல்லை.
இருந்ததா என்று நான் தேடவுமில்லை.

கட்டம் பச்சையானது.
போனஸ் போயிற்று. ஜூனில் அவரும் போனார்,
எதிர்ச்சாலைக் கொரியக் கம்பெனிக்கு.

விடைபெறும் நேர்காணல் என் பொறுப்பு.
'ஏன் விலகுகிறீர்கள்?'
திரையில் ஒன்பது காரணங்களை விரித்து வைத்தேன்.
ஒன்றையும் தொடவில்லை அவர்.
தலையைச் சற்றே சாய்த்து
என் கணினியைப் பார்த்தார்.
"விசிறி சரியில்லை. ரெண்டு மாசம் வரும்."
பேட்ஜைக் கழற்றி மேசையில் வைத்தார்,
படம் கீழே பார்க்க.

கோடையில் நாலாம் லைனின் கழிவு
நூற்றுக்கு ஒன்றிலிருந்து நாலானது.
ஒரு லாரி நிறையப் பாகங்கள்
ஓஹாயோவிலிருந்து திரும்பி வந்தன,
சிவப்புச் சீட்டு ஒட்டி.

ஆகஸ்ட் அழைப்பில் பிர்கிட் கேட்டாள்,
அங்கே காலை, அவள் கையில் காப்பி; இங்கே விடியவேயில்லை:
"உள்ளூர்க் கலாச்சாரச் சிக்கலாக இருக்குமோ?
ஈடுபாட்டுக் கணக்கெடுப்பு ஒன்று அனுப்புகிறோம்.
எண்பத்திரண்டு கேள்விதான்."

பதில் சொல்ல வாயெடுத்தேன்.
திரை கறுத்தது.

ஐ.டி. பையன் மூடியைத் திறந்து
தூசியை ஊதிவிட்டுக் கேட்டான்:
எத்தனை நாளாக இப்படிச் சத்தம் போட்டது?

நான் கேட்கவில்லை
என்றேன்.