டொலுயீன் இருந்த இடம்

பர்துபிட்சேவுக்கு வருகிறவர்கள்
இஞ்சி ரொட்டி வாங்கிப் போவார்கள்.
லாபே ஆற்றின் இந்தக் கரைக்கு வந்தால்
ஸ்டைரீன் வாசம்தான், அதுவும் இலவசம்.

இரவுப் பணிக்கு நானும் மிரோஸ்லாவாவும்.
மூன்றாவது ஆள், கலக்கி.
நிமிடத்துக்கு முந்நூற்றுப் பத்துச் சுற்று.
கூடினால் மணி மாவாகும்
குறைந்தால் கடலையாகும்.

எண்ணெய் தண்ணீரோடு சேராது;
அந்தச் சேராமையில்தான் எங்கள் சம்பளம்.
நீருக்குள் கோடித் துளி,
ஒவ்வொரு துளிக்குள்ளும்
ஸ்டைரீன், அதன் கைகளைக் குறுக்கே கோக்க
டைவினைல் பென்சீன்,
நடுவில் டொலுயீன்.
டொலுயீன் யாரோடும் பிணையாது.
இடத்தை அடைத்துக்கொண்டு
சும்மா உட்கார்ந்திருக்கும்.
அதற்குத்தான் அழைத்தோம்.

எண்பது பாகையில்
துளி பாகாகும். பாகு பதம் தாண்டும்.
பிறகு ஒட்டும் பருவம்.
அந்த நாற்பது நிமிடம்
யாரும் தேநீருக்கு எழுவதில்லை.

போன பிப்ரவரியில் மின்சாரம் போய்
கலக்கி நின்றது, பதினொரு நிமிடம்.
இருநூறு லிட்டர் மணியும்
ஒரே மணியானது.
ஓட்டகர் முகமூடியும் இடுப்புக் கயிறுமாக
உள்ளே இறங்கி
மூன்று நாள் உளியால் வெட்டினான்.
ஒரு துண்டு அவன் மேசையில்
இன்னும் காகிதங்களைக் காக்கிறது.

இன்றிரவு நிற்கவில்லை.

மணி மூன்றரைக்கு
மணிகளின் மேல் நீராவி விட்டோம்.
டொலுயீன் எழுந்து போனது.
போகும்போது தன் இருக்கையை
எடுத்துப் போகவில்லை.
அதே உருவம், பாதி எடை.
ஒரு கிராமின் உட்சுவர்களைப் பிரித்து விரித்தால்
இந்தக் கொட்டகையின் தரை போதாது.

இனி மிரோஸ்லாவாவின் வேலை.
கிரெமென்சுக்கிலிருந்து வந்தவள்.
இங்கே அவள் வாடகை வீட்டில்
முன்பிருந்த யாரோ அடித்த ஆணிகள்;
அவற்றிலேயே
தன் கோட்டையும் வாணலியையும் மாட்டியிருக்கிறாள்.

உலர்ந்த மணிக்கு
இரண்டாவது திரவத்தை ஊட்டுகிறாள்.
துளை கொள்வது கிராமுக்கு ஒன்று புள்ளி ஒன்று மில்லி.
ஊற்றுவது ஒன்று புள்ளி பூச்சியம் ஐந்து.
அதற்கு மேல் ஒரு சொட்டு வெளியே தங்கினாலும்
பசையாகி
பக்கத்து மணியைப் பிடித்துக்கொள்ளும்.

தன் எடையளவு குடித்துவிட்டு
குடித்ததே தெரியாமல் கிடக்கிறது.
கையுறைக்குள் அள்ளினால்
ரவை போல் ஓடுகிறது.

மறுபடி சூடு.
இம்முறை கலக்கி மெதுவாக, அக்கறையில்லாமல்.
ஏற்கெனவே இருக்கும் வலைக்குள்
இன்னொரு இழை வளர்ந்து வளர்ந்து
சுற்றி, நுழைந்து, திரும்பி.
ஒன்றோடொன்று பிணைப்பு கிடையாது.
ஒன்றை விட்டு ஒன்றை உருவவும் முடியாது.

“உடனே கணவன் மனைவி என்று
சொல்லிவிடாதே” என்றாள்.
நான் வாயே திறக்கவில்லை.
“எனக்கு இருந்தது
டொலுயீன்தான்.”
சிரித்தாள். வெப்பமானியைப் பார்த்தாள்.
எண்பத்திரண்டு.

ஒரு பானைச் சோற்றுக்கு
ஒரு சோறு போதுமாம்.
எங்களுக்கு நூறு வேண்டும்.
நுண்ணோக்கியின் கீழ் நூறைப் பரப்பி எண்ணினேன்.
தொண்ணூற்றேழு முழுசு.
மூன்று பிளந்திருந்தன,
உள்ளே வந்தது வீங்க
வெளியே இருந்தது வழிவிடாமல்.

பதிவேட்டில் எழுதினேன்:
எடை கூடியது நூற்றுக்கு நாற்பத்தொன்று.
பிளவு மூன்று.
பணியில் ஸ்டெஹ்லிகோவா.
காரணம் என்ற கட்டத்தை
பகல் ஆட்களுக்கு விட்டுவைத்தேன்.

மூட்டைகள் வெள்ளிக்கிழமை
நிக்கல் முலாம் பூசும் பட்டறைக்குப் போகும்.
அங்கே பச்சைக் கழிவுநீர்
இவற்றின் வழியே இறங்கி
நிறமில்லாமல் வெளியேற வேண்டும்.
வெளியேறுமா என்பது
வேறொருவருடைய இரவுப் பணி.

ஆறு மணிப் பேருந்தில்
காலுறைக்குள் ஏதோ உருண்டது.
எப்படியும் ஒன்று வந்துவிடும், எப்போதும்.
நிறைந்ததா காலியா என்று
கால்விரலுக்குத் தெரியவில்லை.
மிரோஸ்லாவா ஜன்னலில் தலைசாய்த்துத்
தூங்கிவிட்டாள்.
அவள் இறங்கும் நிறுத்தம் வரை
நான் காலை அசைக்கவில்லை.